விளம்பரங்களைத் தாண்டிப் போகவும்

விளம்பரங்களைத் தாண்டிப் போகவும். பாட்டு, செய்யுள், விடுகதை, இவற்றை மட்டும் தட்டவும். எழுத்துப் பிழை இருந்தால் பிழையோடே தட்டவும். புரிந்துகொள்ள முயல வேண்டாம். எங்கள் வேலைக்குக் கொடுத்திருக்கும் கட்டளைகள் இவை. கடைசிக் கட்டளையைத்தான் என்னால் காப்பாற்ற முடியவில்லை. கண் முன்னால் ஒரு பத்திரிகைப் பக்கத்தை விரித்து வைத்துவிட்டு வாசிக்காமல் தட்டு என்றால், இலையில் சோற்றைப் போட்டுவிட்டு மோந்து பார்க்காதே என்பது மாதிரி இருக்கிறது. பெருங்குடியில் நாலாவது மாடியில், ஏசி குளிருக்குச் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்த பாட்டுகளைக் கம்ப்யூட்டரில் தட்டுவது என் உத்தியோகம். அந்த ஊரும் அப்போது லண்டன் ராஜாவுக்குக் கீழேதான் இருந்திருக்கிறது. அங்கே யாரோ பேராசிரியர்கள் இதையெல்லாம் சேர்த்து வைக்கப் போகிறார்களாம், அதற்குக் கோவில்பட்டியில் பி.ஏ. ஆங்கிலம் படித்த செண்பகவல்லியின் விரல் வேண்டியிருக்கிறது. முதல் வாரம் கண் கட்டியது. எஸ் எழுத்தை எஃப் மாதிரி நீட்டி வளைத்து அச்சடித்திருப்பார்கள், பாவம் என்கிற சின்னைப் படித்தால் ஃபின் என்று மீன் துடுப்பாகிவிடும். இப்போது பழகிவிட்டது. பழகப் பழக எனக்கு இந்த ஊர்க்காரர்களைப் பிடித்துப்போய்விட்டது. எதற்கெடுத்தாலும் பாட்டு. தேயிலைக்கு வரி போட்டால் பாட்டு, கப்பல் மூழ்கினால் பாட்டு, பெண்கள் பாவாடையை அகலமாகத் தைத்துக்கொண்டால் அதற்கொரு கேலிப்பாட்டு. புதுவருஷத்துக்குப் பேப்பர் போடுகிற ஆள்கூட ஒரு பாட்டை அச்சடித்து வீடுவீடாகக் கொடுத்து இனாம் கேட்டிருக்கிறான். பாட்டுக்கு மேலே இன்ன மெட்டு என்று ஒரு பெயர் இருக்கும், ஸ்வரம் ஒன்றும் இருக்காது. ஊருக்கே தெரிந்த மெட்டு, எதற்கு எழுத வேண்டும் என்று விட்டிருப்பார்கள். அந்த ஊர் போய்விட்டது, மெட்டு எங்கே போயிற்றோ, பெயர் மட்டும் பாட்டின் தலையில் உட்கார்ந்திருக்கிறது.

இன்றைக்கு நான் பாட்டை விட்டுவிட்டு விளம்பரத்தை வாசித்துக்கொண்டிருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு வந்ததிலிருந்து ஒரே பக்கம். கடைசிப் பக்கம். மேலே இடது மூலையில் கவிதைக்கென்று ஒதுக்கிய இடம், அதில் ஒரு கனவான் லத்தீன் புனைபெயரில் மறைந்துகொண்டு கற்பைப் பற்றிப் பாடியிருக்கிறார். அதைத் தட்டி முடித்தாயிற்று. அதற்குக் கீழே உப்பு வந்திருக்கிறது என்று ஒரு கடைக்காரர். காணாமல் போன பசு. ஓடிப்போன அடிமை, பக்கத்தில் தோளில் மூட்டையோடு ஓடுகிற ஆள் படம், கட்டைவிரல் உயரம், எல்லா அடிமைக்கும் அதே படம்தான், ஒரே அச்சுக்கட்டை. ஓடிப்போன தொழில் பழகும் பையன். அதற்கும் கீழே ஓடிப்போன பெண்டாட்டி. பீப்பாய் செய்கிற ஏபெல் விட்டன் என்பவன் போட்டிருக்கிறான். என் மனைவி மெர்சி என் படுக்கையையும் என் வீட்டு உணவையும் விட்டு ஓடிவிட்டாள், அவளுக்கு யாரும் எதையும் நம்பிக் கொடுக்க வேண்டாம், அவள் வாங்கும் கடனுக்கு நான் பொறுப்பல்ல. அடிமைக்கும் பையனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே வினைச்சொல்தான். ஓடிவிட்டாள். இவளுக்குப் படம் மட்டும் இல்லை. படம் இல்லாமல் போனது ஒரு புண்ணியம். எனக்குப் படம் இருக்கிறது.

காலையில் பஸ்ஸில் வரும்போது அண்ணன் அனுப்பினான். அண்ணன் கழுகாசலம், கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் மேஸ்திரி. பேப்பரின் நாலாம் பக்கத்தைப் போனில் அப்படியே படம் பிடித்து அனுப்பியிருந்தான். பொது அறிவிப்பு. எனது கட்சிக்காரர், இரும்புக்கடை வியாபாரம், உமையொருபாகம் அவர்கள் தெரிவிப்பது யாதெனில். பாதி உடம்பைப் பெண்டாட்டிக்குக் கொடுத்த சாமியின் பெயரை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் எதைத் தெரிவிக்கப் போகிறார் என்று சிரிப்புக்கூட வந்தது, ஒரு நிமிஷம். மனைவி செண்பகவல்லி தன்னிச்சையாக, நகைகளை எடுத்துக்கொண்டு, வீட்டை விட்டு ஓடிவிட்டபடியால், அவருடன் யாரும் எந்தவித வரவு செலவும் வைத்துக்கொள்ள வேண்டாம், மீறினால் என் கட்சிக்காரர் பொறுப்பல்ல. ஏபெல் விட்டனுக்கும் இந்த வக்கீலுக்கும் ஒரே வாத்தியார் எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கிறது. கடலைத் தாண்டி, இத்தனை வருஷத்தைத் தாண்டி, அந்த வாசகம் எந்தக் கப்பலில் கோவில்பட்டிக்கு வந்து இறங்கியிருக்கும்? இதைத்தான் மத்தியானத்திலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அழ வேண்டிய நேரத்தில் எனக்கு இப்படித்தான் புத்தி ஓடும். அம்மா செத்த அன்றைக்குச் சங்கு ஊதுகிறவர் எங்கே மூச்சு விடுகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அறிவிப்புக்கு மேலே என் படம். வீட்டுக்காரருடைய தங்கச்சி கல்யாணத்தில் எடுத்தது. கூட நின்றவர்களை வெட்டி எடுத்திருக்கிறார்கள், என் தோளில் யாருடையதோ ஒரு கை மட்டும் மிச்சம். வெட்டின வெட்டில் என் இடது காது போய்விட்டது.

இடது காதுதான். கடை ஆட்கள் நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்க, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், சாப்பாட்டுத் தூக்கை லேட்டாகக் கொண்டுவந்ததற்காக ஓங்கி அறைந்தார். முதல் தடவை இல்லை, ஆள் பார்க்க விழுந்ததில் முதல் தடவை. அதற்கப்புறம் அந்தக் காதில் சத்தம் எல்லாம் பஞ்சுக்குள்ளிருந்து வருகிற மாதிரிதான் வருகிறது. இப்போதுகூட யாராவது இடது பக்கமிருந்து கூப்பிட்டால் முழு உடம்பையும் திருப்பித்தான் கேட்கிறேன். மறுநாள் விடிந்ததும் கிளம்பிவிட்டேன். காது வீங்கிப்போய்க் கம்மல் ஏறவில்லை, ஜோடியையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். ஆட்டோ பிடித்தால் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம். அந்தக் கைக்குட்டைதான் பேப்பரில் நகைகள். அறைந்தது அறிவிப்பில் வரவில்லை. எப்படி வரும்? அதற்கு இடம் அவர் வாங்கவில்லையே. அண்ணன் படத்துக்குக் கீழேயே குரல் செய்தியும் அனுப்பியிருந்தான், வலது காதில் வைத்துக் கேட்டேன். "எம்மா செம்பா, பாத்தியா. மனசப் போட்டு ஒலட்டிக்கிடாத. பதிலுக்குப் பதில் போட்டா நாறிப் போயிரும். நாமதான் கமுக்கமா இருக்கணும். ரெண்டு நாள்ல பேப்பர் பஜ்ஜி மடிக்கப் போயிரும்." அண்ணன் சொல்வதில் தப்பில்லை. பஜ்ஜி மடிக்கப் போகும். ஆனால் அதற்குள் விடுதி நடத்துகிற கமலவேணி அம்மா வாசித்துவிடுவாள். அவளும் எங்கள் பக்கம்தான், தென்காசிக்காரி, ஊர்ப் பதிப்பைத் தபாலில் வரவழைத்து வரி விடாமல் வாசிக்கிறவள். நகையோடு ஓடிவந்தவளுக்கா இத்தனை நாள் கட்டில் கொடுத்திருந்தேன் என்று கேட்பாள். கேட்காமல் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போவாள், அது இன்னும் மோசம். இங்கே ஆபீஸில் யாராவது பார்த்தால்? பார்க்க மாட்டார்கள். பார்த்துவிட்டால்? நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் உலகத்தில் இருப்பது அந்த ஒரே ஒரு கதைதான், அதில் நான் திருடி. அது மட்டும் எனக்குத் தாங்கவில்லை.

அதனால்தான் மெர்சி விட்டன் பதில் சொன்னாளா என்று தெரிந்தாக வேண்டியிருக்கிறது. தெரிந்து என்ன செய்யப் போகிறேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் இந்தப் பத்திரிகைகளில் பதில் சொல்லாமல் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள், அதை இத்தனை மாதத்தில் பார்த்துவிட்டேன். ஒரு வாரம் ஒருத்தன் பெண்களின் தொப்பியைக் கிண்டல் செய்து பாடுவான், அடுத்த வாரம் ஒரு பெண் அதே மெட்டில், அதே அளவில், அவன் விக்கைக் கிழித்துத் தொங்கவிடுவாள். விடுகதை போட்டால் அடுத்த இதழில் விடை செய்யுளாக வரும். ஊரே ஒரு பெரிய கும்மி மாதிரி. மெர்சி மட்டும் கை தட்டாமல் நின்றிருப்பாளா? அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியுமோ தெரியாதோ. அடுத்த இதழ் என்னிடம் இல்லை. பக்கங்களைச் சீட்டுக் கலைக்கிற மாதிரி கலைத்துக் கொடுக்கிறார்கள், தொடர்ச்சி என் கைக்கு வராது. போதாததற்கு ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு பேர் தட்டுகிறோம், நான் இங்கே, இன்னொருத்தர் வேறொரு ஊரில், யாரென்று தெரியாது. இரண்டையும் கம்ப்யூட்டர் ஒத்துப் பார்க்கும். ஒத்துப்போனால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஒத்துப்போகாவிட்டால்தான் ஒரு மனுஷன் கண்ணை வைத்துப் பார்ப்பான். அந்த இன்னொருத்தர் என்னை மாதிரி வாசிக்கிற ஜாதியா, கட்டளைக்கு அடங்கிய ஜாதியா? அடங்கியவராகத்தான் இருக்கும், எங்கள் டீம் லீடர் பாலமுரளி அப்படித்தான் புகழ்கிறான். இதோ அவனே பின்னால் வந்து நிற்கிறான். "அக்கா, என்னக்கா, ஒரே பேஜ்ல நிக்கிறீங்க? ஸ்பீடு ரொம்ப கம்மியா காட்டுது." அவன் இடது பக்கம் நின்றதால் மொத்தமாகத் திரும்பினேன். அவன் பயந்து ஒரு எட்டு பின்னால் போனான். "எழுத்து அழிஞ்சிருக்கு தம்பி," என்றேன். வாய் கூசாமல் வருகிறது பொய்.

அவன் போனதும் நாற்காலியை உருட்டிக்கொண்டு ஜெபக்கனியிடம் போனேன். ஜெபக்கனி நாசரேத்துப் பெண், சர்ச் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தவள், எந்தச் செய்யுளைத் தட்டினாலும் கால் கட்டைவிரல் தாளம் போடும். கலைத்த கலைப்பில் அதே பத்திரிகையின் அடுத்தடுத்த இதழ்கள் சில அவளிடம் போயிருக்கின்றன என்று தெரியும், காலையில் திமிங்கிலப் பாட்டு ஒன்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். "ஜெபா, இதுக்கு அடுத்த வாரம், அதுக்கடுத்த வாரம், கடைசிப் பக்கம் இருக்கா பாரு. மெர்சி விட்டன்னு பேரு." "கடைசிப் பக்கமா? நேத்தே முடிச்சிட்டேனேக்கா, அனுப்பத்தான் இல்ல. கவிதை மூலையில அந்தப் பேரு இல்லியே. எல்லாம் சில்வியா, அமண்டா, ஒரு நேயர், இந்த மாதிரிதான்." "பெரிய மனுஷங்க மூலைய விடு. கீழ பாரு." "கீழ வெளம்பரம்லா? தாண்டிட்டேன். தாண்டணும்லாக்கா." தாண்டணும்தான். தாண்டச் சொல்லித்தான் சம்பளம் கொடுக்கிறார்கள். அவள் பக்கத்தைத் திறந்தாள். அடுத்த வாரம் இல்லை. உப்பு, பசு, ஓடுகிற ஆள் படம். ஏபெல் விட்டனின் அறிவிப்பு மறுபடியும், ஒரு வரி மாறாமல். பதில் சொல்லவில்லை, ஊர் சொல்லியிருக்கும், மெர்சி கமுக்கமா இரு, பேப்பர் மீன் மடிக்கப் போயிரும். அந்த ஊரிலும் ஓர் அண்ணன் இல்லாமலா இருப்பான். "விடுக்கா," என்றாள் ஜெபக்கனி, ஏன் என்று அவளுக்கே தெரியாமல். "இன்னொண்ணு இருக்கா?" என்றேன். அதற்கும் அடுத்த இதழைத் திறந்தாள். கற்பூரம் விற்கிற வைத்தியருக்கும் ஏலத்துக்கு வரும் ஒரு படகுக்கும் நடுவில், விளம்பர எழுத்தில், விளம்பர அகலத்தில், ஆனால் வரிகள் ஒன்று நீளம் ஒன்று குட்டையாக உள்ளே தள்ளி அடித்து, பொடியாக, அது இருந்தது. முதலில் வடிவம்தான் தெரிந்தது. உரைநடை நடுவில் செய்யுள் தனியாகத் தெரியும், அரிசியில் உளுந்து கிடந்தால் தெரிகிற மாதிரி. பாட்டுக்கு மேலே மெட்டின் பெயர்கூட இல்லை.

மனசுக்குள் அது தமிழாகத்தான் ஓடியது, எனக்கு எப்போதும் அப்படித்தான், எட்டு வரியும் கும்மி அடித்துக்கொண்டு வந்து நின்றன:

படுக்கையை விட்டுப் போனாளாம் – அந்தப்
படுக்கை என் தாய்வீட்டுச் சீதனம்;
அடுப்பை மறந்து போனாளாம் – அதில்
அன்றாடம் வெந்தது என்னுடம்பு.

கடனெதும் கொடுக்காதீர் என்றானாம் – எனக்குக்
கடைவீதி போகவும் செருப்பில்லை;
உடனிருந்த ஊராரே கேளுங்கள் – நான்
ஓடவில்லை, நடந்துதான் போனேன்.

கீழே சில்வியா இல்லை, அமண்டா இல்லை. மெர்சி விட்டன், முழுப்பெயர். கனவான்கள் கற்பைப் பாடவே பெயரை மறைத்தார்கள், இவள் பெயரைப் போட்டுவிட்டுப் பாடியிருக்கிறாள். இடத்தை விலைக்கு வாங்கினாளா, அச்சுக்காரர் பெண்டாட்டி சிபாரிசு செய்தாளா, அண்டை வீட்டில் யார் எழுதிக் கொடுத்தார்கள், அதற்கப்புறம் எந்த ஊரில் யார் வீட்டில் தூங்கினாள், எதுவும் இனித் தெரியாது. எனக்கு எல்லாம் தெரிய வேண்டும் போல் ஆசையாக இருக்கிறது. ஜெபக்கனி கட்டைவிரலால் தரையைத் தட்டிக்கொண்டே ஆங்கிலத்தை மெதுவாக முணுமுணுத்தாள், பிறகு முணுமுணுப்பு தானாகவே பாட்டாயிற்று. நான் வலது காதைக் கொடுத்தேன். "வரிக்கு எட்டு அசை, ஆறு அசை, எட்டு, ஆறு. யக்கா, இது எங்க ஞானப்பாட்டு அளவுக்கா. எங்க புஸ்தகத்துல பாட்டுக்கு மேல அளவு போட்டிருக்கும், ஒரே அளவுன்னா எந்த ராகத்துலயும் பாடிக்கிடலாம்." "இது என்ன ராகம்?" "சாவு வீட்ல பாடுறதுக்கா," என்றாள், சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். புருஷனை வாங்கு வாங்கென்று வாங்குகிற பாட்டை, ஆண்டவரே இளைப்பாறுதல் தாரும் என்கிற குரலில், கண்ணை மூடிப் பாடினாள். சிரிப்பை அடக்க முடியாமல் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். சிரிக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. மெர்சியின் மெட்டு என்னவோ, தொலைந்தே போகட்டும், பாட்டு நாசரேத்து மெட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. "இத என்னக்கா பண்ண? வெளம்பரம்னு விடவா, பாட்டுன்னு தட்டவா?" "தட்டு." "அங்கன இன்னொருத்தங்க தாண்டியிருப்பாங்களே, ஒத்துப்போகாதே." "ஒத்துப்போகலைன்னாதான் ஒருத்தன் உக்காந்து பாப்பான். தட்டு ஜெபா, பிழை இருந்தா பிழையோட தட்டு." அவள் தட்ட ஆரம்பித்தாள்.

டீ நேரத்துக்கு மணி அடித்ததும் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்தேன். அண்ணனைக் கூப்பிடத்தான் எடுத்தேன் என்று நினைக்கிறேன். அவன் அனுப்பிய படத்தைத் திறந்தால், பக்கத்தின் அடியில், கோவில்பட்டி விளம்பரங்களுக்கு ஏஜெண்ட் வேலாண்டி என்று ஒரு நம்பர். விரல் அதை அழுத்திவிட்டது. அழுத்திய பிறகுதான் யோசித்தேன். நாலு பேர் சிரிப்பார்களே, கழுகாசலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வானே, அவர் வக்கீலைவிட்டு இன்னொன்று போடுவாரே. போடட்டும். மெர்சிக்கும் இதெல்லாம் தோன்றியிருக்கும், செருப்பில்லாமல் அச்சுக்கூடத்து வாசல்வரை போய்ப் படியில் நின்றிருப்பாள். "வேலாண்டி பேசுதேன்." "அண்ணே, நாளைக்குப் பேப்பர்ல ஒரு வெளம்பரம் போடணும்." "சாயங்காலத்துக்குள்ள குடுத்தா வந்துரும். பொது அறிவிப்பாம்மா? அப்ப வக்கீல் கையெழுத்து வேணும்." "அறிவிப்பு இல்ல. பாட்டு." "பாட்டா?" என்று இழுத்தார். "பாட்டுன்னா கண்ணீர் அஞ்சலிக்குத்தான்மா போடுறது. நம்மகிட்டயே ரெடியா இருக்கு, பேர மாத்திக்கிட்டாப் போதும். எறந்தது யாரு, அப்பாவா, அம்மாவா?" "யாரும் சாகலண்ணே." "உயிரோட இருக்கவங்களுக்குப் பாட்டு போட்டு வழக்கமில்லையேம்மா." "இன்னைக்குப் பேப்பர் இருக்கா பக்கத்துல? நாலாம் பக்கம் எடுங்க." பேப்பர் புரள்கிற சத்தம் கேட்டது. அவர் வாசிக்கிறார், வாய்க்குள்ளேயே வாசிக்கிறவர் போல, யாதெனில், ஓடிவிட்டபடியால், எல்லாம் என் வலது காதில் விழுகிறது. "நீங்கதானா அது?" என்றார். குரல் மாறிவிட்டது. "நாந்தான்." "சரிம்மா. சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்."

சொல்லுங்க என்றதும்தான் என்னிடம் பாட்டே இல்லை என்று உறைத்தது. தட்டத்தான் தெரியும் எனக்கு. படிக்கட்டு ஜன்னல் வழியாகச் சதுப்பு நிலமும் தண்ணீர் லாரியும் தெரிந்தன, கால் கட்டைவிரல் தன் பாட்டுக்குத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது, ஜெபக்கனியின் சாவு மெட்டு. அந்த மெட்டின்மேல் வாயைத் திறந்தேன், வந்தது:

நகையோடு ஓடினாள் என்றாரே – அது
நான்போட்ட ஒருசோடிக் கம்மலய்யா;
அறைபட்ட காதிலே ஏறாமல் – கையில்
முடிந்துகொண்டே நான் நடந்தேனய்யா.

"கொஞ்சம் மெதுவா," என்றார் வேலாண்டி. மறுபடி சொன்னேன். எழுதுகிற சத்தம்கூடக் கேட்டது. "கீழ யாரு பேரு போட? சில பேரு பேரில்லாம, உண்மை அறிந்தோர்னு போடுவாங்க." "எம் பேரு. செண்பகவல்லின்னு முழுசாப் போடுங்க." "சரி. போட்டோ காலையில வந்ததே இருக்கு, அதையே போட்டுரட்டுமா? தனியா அனுப்ப வேண்டியதில்ல பாருங்க." "வேண்டாம்ண்ணே. அதுல ஒரு காது இல்ல. இப்பவே எடுத்து அனுப்புறேன், ரெண்டு காதும் தெரியணும்."